போன் '24 மணி நேரமும்'னு சொன்ன இடத்துல ஷட்டர் மூடியிருந்துச்சு

கொஞ்சம் நீளமான த்ரெட். பாம்புக்கடியில ஆரம்பிச்சு இணையப்பக்கத்துக்குள்ள எழுதுற டேக் வரைக்கும் போகும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கே அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு, நைட் ட்யூட்டி. காலை ஆறேகால் இருக்கும். 108-ல ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. பத்தொன்பது வயசு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம். கூட அம்மாவும் அக்கா வீட்டுக்காரரும். அப்பா விடியறதுக்கு முன்னாடியே போட்ல கடலுக்குப் போயிட்டார், அவருக்கு இன்னும் தகவலே போகல.

பையன் கண்ணைத் திறக்க முடியாம தலையைப் பின்னாடி சாய்ச்சுப் பார்க்கிறான். இமை ரெண்டும் தொங்குது. கழுத்து நிக்கல. "ஒரே மூச்சுல எண்ணுப்பா"ன்னு சொன்னா ஏழுக்கு மேல போக முடியல. உடம்புல கடிச்ச தடம் எதுவும் தெரியல. ரத்தம் உறையுற டெஸ்ட் நார்மல். தரையில படுத்துத் தூங்கினவன், நாலு மணிக்கு வயித்து வலின்னு எழுந்திருக்கான். அம்மா வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி கொடுத்திருக்காங்க.

கட்டுவிரியன். இந்தப் பக்கத்துல வேலை பார்க்கிற எந்த டாக்டருக்கும் இந்தக் கதை மனப்பாடம். ராத்திரி கடிக்கும், பல நேரம் வலிக்காது, தடம் இருக்காது, விடியக்காலையில வயித்து வலி, அப்புறம் இமை, அப்புறம் மூச்சு.

டியூப் போட்டோம். விஷமுறிவு மருந்து பத்து வாய்ல் போச்சு. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில போய் உட்கார்ந்துட்டா மருந்தால அதைப் பிடிச்சு இழுக்க முடியாது. நரம்பு முனை தானா சரியாகிற வரைக்கும் வென்டிலேட்டர்தான் மூச்சு விடணும். இவனுக்கு ஆறு நாள் ஆச்சு. பிழைச்சுட்டான், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

நான் எழுத வந்தது அந்த நாலு மணிக்கும் ஆறேகாலுக்கும் நடுவுல நடந்ததைப் பத்தி.

இமை தொங்க ஆரம்பிச்சதும் மச்சானுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. போனை எடுத்துப் பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்குன்னு தேடியிருக்கார். முதல்ல வந்தது ஈசிஆர் பக்கத்துல ஒரு சின்ன தனியார் கிளினிக். கீழ பச்சை எழுத்துல '24 மணி நேரமும் திறந்திருக்கும்'. பைக்ல நடுவுல பையனை உட்கார வச்சு, பின்னாடி அம்மா பிடிச்சுக்கிட்டு, அங்க போயிட்டாங்க. ஷட்டர் மூடியிருக்கு. தட்டியிருக்காங்க. போன் 'திறந்திருக்கு'ன்னுதானே சொல்லுது, உள்ள யாராவது தூங்கிட்டு இருப்பாங்கன்னு நின்னுருக்காங்க. நாற்பது நிமிஷம். பக்கத்துக் கடை வாட்ச்மேன் வந்து "டாக்டர் ஒன்பது மணிக்குத்தான் வருவாரு"ன்னு சொன்னப்புறம்தான் 108-க்குப் போட்டிருக்காங்க.

நாற்பது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா டியூப்பே தேவைப்பட்டிருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஷட்டருக்கு முன்னாடியே மூச்சு நின்னிருக்கலாம்.

எனக்குக் கோபம். ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிளினிக்கோட இணையப்பக்கத்தைத் திறந்தேன். திட்டலாம்னுதான் திறந்தேன். பக்கத்தோட அடியில தெளிவா எழுதியிருக்கு: 'வேலை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. ஞாயிறு விடுமுறை.'

போன் பண்ணேன். எடுத்தவர் பாவம், பதறிட்டார். "மேடம், முன்னாடி பெட் வச்சிருந்தோம், நைட் டாக்டர் இருந்தாரு. ஆள் கிடைக்கல, நிறுத்திட்டோம். போர்டும் மாத்தியாச்சு, வெப்சைட்லயும் போன வருஷமே மாத்திட்டோமே!"

அவர் பொய் சொல்லல. மாத்தித்தான் இருந்தாங்க. அப்போ போன் யாரைக் கேட்டுச் சொல்லுச்சு?

என் சித்தப்பா பையன் சிறுசேரி சிப்காட்ல வெப் டெவலப்பர். அவனுக்கு லிங்க் அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்தது: "அக்கா, பேஜ் சோர்ஸ் பாருங்க. மேல ஒரு மெட்டா டேக் இருக்கு. அதுல வேலை நேரம் 00:00-ல இருந்து 23:59, வாரம் ஏழு நாளும்னு போட்டிருக்கு. திரையில தெரியாது. மெஷினுக்கு மட்டும்."

மனுஷன் கண்ணுக்கு ஒரு நேரம், மெஷின் கண்ணுக்கு வேற நேரம். ரெண்டும் ஒரே பக்கத்துல. ஒண்ணை மாத்தினவருக்கு இன்னொண்ணு இருக்கிறதே தெரியாது.

இங்க இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அடுத்த ரெண்டு மூணு வாரம் தம்பியைப் படுத்தி எடுத்து, புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். கம்ப்யூட்டர்காரங்க தப்பு இருந்தா திருத்துங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

இணையப்பக்கம் எழுதுற மொழி எச்டிஎம்எல். அதுல ஒவ்வொரு துண்டும் ஒரு டேக்குக்குள்ள இருக்கும். டேக் மேல 'பேர் = மதிப்பு'ன்னு சின்னச் சின்னதா ஒட்டலாம். அதுக்குப் பேர் ஆட்ரிபியூட், தமிழ்ல பண்புன்னு வச்சுப்போம். நம்ம ஊசி மருந்து வாய்ல் மாதிரி. உள்ள இருக்கிறது மருந்து. மேல ஒட்டின லேபிள்ல பேர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி.

நீங்க 'வேலை நேரம் 9 முதல் 5'னு எழுதினா மனுஷனுக்குப் புரியும். மெஷினுக்கு அது வெறும் எழுத்து. இது ஒரு ஆஸ்பத்திரி, இந்த எழுத்து அதோட வேலை நேரம்னு சொல்ல லேபிள் வேணும். அந்த லேபிளை எப்படி எழுதுறது, எங்க ஒட்டுறது, எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது? இந்த விதிக்காக வருஷக்கணக்குல பெரிய ஆளுங்க சண்டை போட்டிருக்காங்க. படிக்கப் படிக்க எங்க கேஸ் ஷீட் சண்டை மாதிரியே இருந்தது.

முதல்ல மைக்ரோஃபார்மட்ஸ்னு ஒரு கூட்டம். புதுப் பண்பு எதுக்கு, ஏற்கனவே இருக்கிற 'கிளாஸ்' பண்பையே பயன்படுத்திப்போம்னாங்க. சிக்கனம். ஆனா மனுஷனுக்கு 'மே 12 மாலை 6 மணி'ன்னும் மெஷினுக்கு நீளமா ஒரு எண் வரிசையும் தேவைப்படும்போது எங்க வைக்கிறது? சுருக்கெழுத்துக்கு விரிவாக்கம் சொல்றதுக்குன்னு இருந்த டேக்ல ஒளிச்சு வச்சாங்க. பார்வையில்லாதவங்க பயன்படுத்துற ஸ்கிரீன் ரீடர் அந்த எண் வரிசையை அப்படியே சத்தமா வாசிக்கலாம்னு பிரச்சினை கிளம்புச்சு. 2008-ல பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்கள்ல இருந்து அந்த முறையையே எடுத்துடுச்சு. மெஷினுக்கு வச்ச சாப்பாடு ஒரு மனுஷனோட தட்டுல விழுந்த கதை.

அதே 2008 அக்டோபர்ல டபிள்யூ3சி அமைப்பு ஆர்டிஎஃப்ஏ-ங்கிற முறையை அதிகாரப்பூர்வ பரிந்துரையா வெளியிட்டது. ரொம்பப் பக்காவானது. எதைப் பத்தியும் சொல்லலாம். ஆனா அதுல முன்னொட்டுன்னு ஒண்ணு. பக்கத்தோட மேல 'இந்த ரெண்டெழுத்துன்னா இன்ன அகராதி'ன்னு அறிவிச்சுட்டு, கீழ முழுக்க அந்தச் சுருக்கத்தையே பயன்படுத்துவாங்க. யாராவது கீழ இருக்கிற துண்டை மட்டும் காப்பி பண்ணி வேற பக்கத்துல ஒட்டினா? அறிவிப்பு வராது. அர்த்தம் போயிடும்.

டாக்டர்களுக்கு இது ரத்தத்துல ஊறின பயம். 'எம்எஸ்'னு சீட்டுல எழுதினா மார்ஃபின் சல்ஃபேட்டா, மெக்னீசியம் சல்ஃபேட்டா? எழுதின வார்டுல எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ரெஃபர் பண்ணா அடுத்த ஆஸ்பத்திரியில யாருக்குத் தெரியும்? இன்சுலின் '10 யூ'ன்னு ஆங்கிலத்துல எழுதினா அந்த 'யூ' சைபர் மாதிரி தெரிஞ்சு நூறா வாசிக்கப்படும். அதனாலதான் 'யூனிட்'னு முழுசா எழுதுங்கன்னு எங்களைத் திட்டித் திட்டி வளர்த்தாங்க. காப்பி பண்ணாலும் அர்த்தம் கூடவே போகணும்.

2009-ல எச்டிஎம்எல்5 வரைவை எழுதிட்டிருந்த இயான் ஹிக்சன் மைக்ரோடேட்டான்னு இன்னொரு முறையைக் கொண்டு வந்தார். ஐட்டம்ஸ்கோப், ஐட்டம்டைப், ஐட்டம்ப்ராப்னு பண்புகள். 'இங்க இருந்து ஒரு பொருள் ஆரம்பிக்குது', 'அது இன்ன வகை', 'இது அதோட இன்ன குணம்'. அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தப் பண்புகளைச் சாதாரண ஆளுங்களை உட்கார வச்சு எழுதச் சொல்லிச் சோதிச்சிருக்காங்க. முதல் வடிவத்துல 'ஐட்டம்'ங்கிற ஒரே பண்பு, பொருள் ஆரம்பிக்குதுங்கிறதையும் அது என்ன வகைங்கிறதையும் சேர்த்துச் சொல்லுச்சு. ஜனங்க குழம்பினதால அதை ரெண்டாப் பிரிச்சாங்க. எங்க கேஸ் ஷீட்டை டிசைன் பண்ற யாராவது நைட் ஷிஃப்ட் ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க கையில கொடுத்து நிரப்பச் சொல்லிப் பார்த்திருக்காங்களா? சரி விடுங்க, அது வேற த்ரெட்.

2011 ஜூன்ல கூகுள், பிங், யாஹூ மூணும் சேர்ந்து ஸ்கீமா டாட் ஆர்க்னு பொது அகராதி ஒண்ணை வெளியிட்டாங்க. ஆஸ்பத்திரின்னா என்ன, வேலை நேரம்னா எப்படி எழுதணும்னு அதுல இருக்கு. 2012-ல ஆர்டிஎஃப்ஏ கூட்டமும் இறங்கி வந்து, அஞ்சே பண்புகளோட ஒரு லைட் வடிவம் கொடுத்தாங்க. 2014-ல ஜேசன்-எல்டி. அது டேக்ல ஒட்டுற லேபிளே இல்ல. பக்கத்துல தனியா ஒரு பெட்டி வச்சு, அதுக்குள்ள எல்லாத் தகவலையும் மெஷினுக்குன்னு எழுதிடுறது. இப்போ கூகுள் பரிந்துரைக்கிறதும் அதைத்தான்.

இங்கதான் எனக்கும் தம்பிக்கும் சண்டை.

நான் கேட்டேன்: தனிப் பெட்டின்னா அந்தக் கிளினிக்ல நடந்ததுதானே மறுபடி நடக்கும்? கீழ மாத்துவாங்க, பெட்டியில மாத்த மாட்டாங்க. வார்டுல டெம்பரேச்சர் சார்ட் கட்டில் காலடியில தொங்கணும். அதை எங்கயோ ஆஃபீஸ் ரூம்ல பூட்டி வச்சா யார் எழுதுவா?

அவன் சொன்னான்: "அக்கா, ஒழுங்கான சைட்ல மனுஷனுக்குக் காட்டுற நேரமும் மெஷினுக்குக் கொடுக்கிற நேரமும் ஒரே டேட்டாபேஸ்ல இருந்து வரும். ஒரு இடத்துல மாத்தினா ரெண்டும் மாறும். பெட்டி எங்க இருந்தா என்ன?"

சரியான பதில்தான். பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்கு. ஆனா ஈசிஆர் ஓரக் கிளினிக்குக்கு டேட்டாபேஸ் எங்க இருக்கு? யாரோ ஒரு பையன் ஒரு தடவை காசு வாங்கிக்கிட்டு பக்கத்தைச் செஞ்சு கொடுத்துட்டுப் போயிட்டான். ரிசப்ஷன்ல இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரியுற வரியை மட்டும் மாத்தக் கத்துக்கிட்டாங்க. விதியை அவங்களை நினைச்சு எழுதணும்ங்கிறது என் கட்சி.

அதுக்கு வழி அந்த விதிகள்லயே இருக்கு. மைக்ரோடேட்டாவுல பொதுவா டேக்குக்குள்ள மனுஷன் படிக்கிற எழுத்து எதுவோ அதுவே மெஷினுக்கும் மதிப்பு. பேர், விலாசம் எல்லாம் அப்படியே எடுத்துக்கும். ரெண்டு பிரதியே கிடையாது. நேரம் மாதிரி மெஷினுக்கு வேற வடிவம் வேணும்னா 'டைம்'னு ஒரு டேக். உள்ள 'காலை 9 முதல் மாலை 5 வரை'ன்னு தமிழ்ல எழுதிட்டு, அதே டேக்கோட 'டேட்டைம்' பண்புல மெஷின் வடிவத்தை வைக்கலாம். திருத்தப் போறவர் கண்ணுல ரெண்டும் ஒரே வரியில படும். தப்பே வராதுன்னு இல்ல. ஆனா 'அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது'ங்கிற நிலைமை வராது.

மறைவா எழுதினதை யாரும் பராமரிக்க மாட்டாங்கங்கிறதை இணையம் ஏற்கனவே அனுபவிச்சிருக்கு. அந்தக் காலத்துல ஒவ்வொரு பக்கத்துலயும் 'மெட்டா கீவேர்ட்ஸ்'னு தேடுபொறிக்காக மட்டும் வார்த்தைகளை ஒளிச்சு எழுதுவாங்க. சம்பந்தமே இல்லாத சினிமா நடிகை பேர் வரைக்கும் போட்டாங்க. கடைசியில 2009-ல கூகுள், தரவரிசைக்கு அதை நாங்க பார்க்கிறதே இல்லன்னு வெளிப்படையா சொல்லிடுச்சு. இப்பவும் அவங்க விதிகள்ல, பக்கத்தைப் படிக்கிறவருக்குத் தெரியாத தகவலை மெஷினுக்கு மட்டும் கொடுக்காதீங்கன்னு இருக்கு. அந்தக் கிளினிக் செஞ்சது தெரியாம அந்த விதியை மீறினதுதான்.

இன்னொரு பயங்கரம் சொல்றேன். கூகுள் ஆவணத்துல 24 மணி நேரமும் திறந்திருக்குன்னு சொல்ல, திறக்கும் நேரம் 00:00, மூடும் நேரம் 23:59. அன்னைக்கு முழுக்க மூடியிருக்குன்னு சொல்ல, ரெண்டும் 00:00. 'எப்பவும் திறப்பு'க்கும் 'திறக்கவே இல்ல'க்கும் நடுவுல ஒரே ஒரு நிமிஷம்! மருந்துச் சீட்டுல இப்படி ஒரு விதி இருந்தா நாங்க கலெக்டர் ஆஃபீஸ் வாசல்ல உட்கார்ந்திருப்போம். ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரான ரெண்டு தகவல் பார்வைக்கும் ரொம்ப வித்தியாசமா இருக்கணும்.

ஆனா அதே அகராதியில ஒரு அருமையான விஷயமும் இருக்கு. வேலை நேரத்தோட 'எந்தத் தேதி வரைக்கும் இது செல்லும்'னு எழுத ஒரு பண்பு உண்டு. காலாவதித் தேதி! அதைப் படிச்சதும் எனக்கு வடநெம்மேலி ஞாபகம் வந்தது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஈசிஆர்ல முதலைப் பண்ணை போனவங்க பார்த்திருப்பீங்க. அந்த வளாகத்துலயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல பதிவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலையும் பிடிச்சு வந்து, மண்பானையில வச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. அந்த விஷத்தை வச்சுத்தான் விஷமுறிவு மருந்து தயாரிக்கிறாங்க. நான் அந்தப் பையனுக்கு ஏத்தின மாதிரி மருந்துக்கு மூலமே இந்த மாதிரி பானைகள்தான்.

விடறதுக்கு முன்னாடி பாம்போட வயித்துச் செதில்ல சின்னதா ஒரு வெட்டு அடையாளம் போடுவாங்க. அதே பாம்பை மறுபடி பிடிச்சா இவங்களுக்குத் தெரிஞ்சுடும், உடனே விட்டுடுவாங்க. சில முறை சட்டை உரிச்சதும் அந்த அடையாளம் தானா மறைஞ்சுடும். அதுக்குள்ள பாம்பு மறுபடி தேறியிருக்கும்.

யோசிச்சுப் பாருங்க. தகவல் தனிப் பதிவேட்டுல இல்ல, பாம்பு மேலயே இருக்கு. பாம்பு எங்க போனாலும் கூடவே போகும். படிக்கத் தெரிஞ்சவன் எவனும் படிக்கலாம். செல்லாத காலம் வந்ததும் தானா அழிஞ்சுடும். 'இனி இதை நம்பாதே'ன்னு யாரும் வந்து மாத்த வேண்டியதில்ல. தம்பிகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "இதை எங்க டீம் மீட்டிங்ல சொல்லலாமாக்கா?"ன்னான்.

அந்தக் கிளினிக் டேக்குக்கும் ஆறு மாசம் காலாவதி போட்டிருந்தா, நைட் டாக்டர் போன ஆறு மாசத்துக்குள்ள '24 மணி நேரம்' செல்லாததா ஆகியிருக்கும். மச்சானோட போன்ல 'நேரம் தெரியவில்லை'ன்னு வந்திருக்கும். தெரியலன்னு சொல்ற மெஷின் எவ்வளவோ மேல். அலர்ஜி கட்டம் காலியா இருந்தா அலர்ஜி இல்லன்னு அர்த்தம் இல்ல, யாரும் கேட்கலன்னு அர்த்தம். இதை ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறோம்.

அப்போ விஷமுறிவு மருந்து கையிருப்பையும் இப்படி டேக்ல போட்டுடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். எனக்கு வேண்டாம்னு தோணுது. எங்க ஸ்டாக் ஒரே ராத்திரியில இருபது வாய்ல் இறங்கும். அதை அந்த நேரத்துல யார் உட்கார்ந்து மாத்துவா? மாத்த ஆள் இல்லாத கட்டத்தைத் திறக்கவே கூடாது.

நடைமுறைக்கு வர்றேன். பாம்பு கடிச்சிருக்கும்னு சந்தேகம் வந்தாலே எது திறந்திருக்குன்னு போன்ல தேடாதீங்க. 108. எங்க மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கோ அங்க கொண்டு போங்கன்னு கேளுங்க. கட்டுப் போட்டு இறுக்காதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம வைங்க. தடம் இல்லாட்டியும், தரையில படுத்தவர் விடியக்காலையில வயித்து வலியோ இமை தொங்கலோன்னு எழுந்தா கட்டுவிரியனைத்தான் முதல்ல நினைக்கணும்.

கிளினிக், மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர் வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, இன்னைக்கே உங்க பக்கத்தைக் கம்ப்யூட்டர்ல திறந்து, ரைட் கிளிக் பண்ணி, சோர்ஸ் பாருங்க. '23:59'னு தேடுங்க. வந்துச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கதவைத் தட்டினா திறக்க ஆள் இருக்கான்னு பாருங்க.

அந்தக் கிளினிக்காரர் அன்னைக்கே மாத்திட்டார். தம்பிதான் வரி வரியா சொல்லிக் கொடுத்தான், காசு வாங்கல. பிறகு ஒரு வாரம் ட்யூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் தேடிப் பார்த்தேன். மூணு நாள் பழைய '24 மணி நேரமும்'தான் வந்தது. நாலாவது நாள் 'மூடப்பட்டுள்ளது. காலை 9 மணிக்குத் திறக்கும்'னு வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து தம்பிக்கு அனுப்பினேன்.

பையன் போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தான். குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரன்னு இருக்கு, டியூப் இருந்த இடம். அப்பாவும் வந்திருந்தார். பை நிறைய சங்கரா மீன். "வேண்டாம்ணே, ட்யூட்டியில இருக்கேன்"னு எவ்வளவோ சொன்னேன். ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு, பை மேல என் பேரைப் பெருசா எழுதி ஒட்டிட்டுப் போயிட்டார்.